அடுக்கும் நேர்க்கோடும் கலந்த சமனிலிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரீசியஸின் ரோஸ் ஹில்லில் மாலை ட்யூஷனுக்கு வரும் எச்.எஸ்.சி. (மேல்நிலைப் பள்ளி இறுதித் தேர்வு) மாணவர்களின் தாள்களைத் திருத்தும்போது, நான் படித்த காலத்துப் பிழைகளே மீண்டும் கண்ணில் படுகின்றன. கூட்டல், கழித்தல் சறுக்கல்களை விட்டுவிடுகிறேன். தெரியாக் கணியத்தை ‘ய’ என்று குறிக்கிறேன்.

ஒரு மூலத்தோடு நிறுத்துவது

2^ய > ய + 3 என்ற சமனிலியில் மாணவர் முதலில் 2-ஐ இடுவார். இடப்பக்கம் 4, வலப்பக்கம் 5. அடுத்து 3-ஐ இட்டால் 8-உம் 6-உம் வரும். இடையில் மூலம், அதாவது இரு பக்கமும் சமமாகும் இடம், உண்டு என்று கண்டு, அதை 2.44 வரை துரத்திப் பிடித்து, ‘ய > 2.44’ என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிடுவார். ஒருமுறை −10-ஐ இட்டுப் பார்த்திருந்தால், இடப்பக்கம் மிகச் சிறிய மிகை எண்ணாகவும் வலப்பக்கம் −7 ஆகவும் இருப்பது தெரிந்திருக்கும். போட்ட கணக்கில் ஒரு வரிகூடப் பிசகாமல், விடையில் பாதி மட்டும் காணாமல் போவதுதான் எனக்கு இன்றும் எரிச்சல்.

‘பொருத்தமான இரு வரைபடங்களை வரைந்து, ஒரே மூலம்தான் உண்டு எனக் காட்டுக’ என்பது கேம்பிரிட்ஜ் தாள்களில் பழகிப்போன கேள்வி. மாணவர்கள் அதையே விதியாக எடுத்துக்கொள்கிறார்கள். ‘இன்னொரு மூலம் எங்கே?’ என்று ஒரு மாணவியிடம் கேட்டேன். கால்குலேட்டர் ஒன்றைத்தானே காட்டியது என்று கிரியோலில் பதில் வந்தது. சால்வ் பொத்தான் நாம் கொடுக்கும் தொடக்க மதிப்பிலிருந்து தேடி ஒரு மூலத்தைக் காட்டும். எத்தனை உண்டு என்று அது சொல்லாது.

அதைச் சொல்வது வகைக்கெழு, அதாவது சார்பு ஏறும் அல்லது இறங்கும் வீதம். 2^ய − ய − 3 என்ற சார்பின் வகைக்கெழு ய ≈ 0.53 என்ற ஒரே இடத்தில் சுழியாகிறது. அதுவரை இறங்கும் சார்பு அங்கே ஏறத்தாழ −2.09 என்ற சிறும மதிப்பைத் தொட்டு, பின்னர் ஏறுகிறது. இரு கோடிகளிலும் அது வரம்பின்றி உயர்வதால் மூலங்கள் சரியாக இரண்டு. விடுபட்டது −2.86, ஆகவே விடை ய < −2.86 அல்லது ய > 2.44.

கோடு இறங்குவதாக இருந்தால் நிலைமை வேறு. 2^ய > 6 − ய என்பதை 2^ய + ய > 6 என மாற்றினால் இடப்பக்கம் ஏறிக்கொண்டே போகும். மூலம் 2 மட்டுமே, விடை ய > 2.

அவசரப்பட்டு மடக்கை எடுப்பது

முதல் சமனிலியின் இருபுறமும் மடக்கை எடுத்தால், ய + 3 குறை எண்ணாகவோ சுழியாகவோ ஆகும் இடத்தில் மடக்கையே கிடையாது. அங்குள்ள தீர்வுகள் சத்தமின்றி உதிர்ந்துவிடும். உதிராத இடத்திலும் ‘ய’ தனியாகப் பிரிந்து வராது.

முழு எண்களை மட்டும் சோதிப்பது

2^ய < ய + 1 என்பதை எந்த முழு எண்ணும் நிறைவு செய்யாது. 0-க்கும் 1-க்கும் இடையிலுள்ள எல்லா எண்களும் நிறைவு செய்யும்.

அடிமானம் 1-ஐவிடச் சிறியதானால்

2-க்குப் பதில் ½ இருந்தால் வரைபடம் இடவலமாகத் திரும்பும். ஏறும் கோட்டை அது ஒரே இடத்தில்தான் வெட்டும்.