வைட்டமின் டி குறைவு: 60,000 யூனிட் பாக்கெட்டைச் சரியாகச் சாப்பிடும் முறை

தரையில் உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழ முடியவில்லை. மாடிப்படி ஏறக் கைப்பிடி வேண்டியிருக்கிறது. முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பைக் கட்டைவிரலால் அழுத்தினால் வலிக்கிறது. வைட்டமின் டி ரொம்பவும் குறைந்துபோனவர்களுக்கு இப்படித்தான் இருக்கும். லேசாகக் குறைந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. வெறும் அசதி, முடி கொட்டுதல் என்றால் உடனே டி மீது பழி போட வேண்டாம். ரத்தசோகையும் தைராய்டும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எடுக்க வேண்டிய பரிசோதனை ‘25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி’. ‘1,25 டைஹைட்ராக்ஸி’ என்பது வேறு. குறைபாட்டைக் கண்டுபிடிக்க அது உதவாது. வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை. முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள். சில இயந்திரங்களில் அது டி அளவைக் கூட்டிக் காட்டிவிடும். ரிப்போர்ட்டில் எண்ணோடு அலகையும் பார்க்க வேண்டும். மில்லிக்கு 20 நானோகிராமுக்குக் கீழே குறைபாடு, 12க்குக் கீழே கடுமையான குறைபாடு. லிட்டருக்கு இத்தனை நானோமோல் என்று இருந்தால் 2.5ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், 45 நானோமோல் என்பது 18 நானோகிராம். 20க்கும் 30க்கும் இடையே இருந்தால் ‘போதாது’ என்று தடித்த எழுத்தில் அச்சாகி வரும். எலும்பு நோய் எதுவும் இல்லாதவருக்கு அந்த எண்ணுக்காக 60,000 யூனிட் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. தினம் 600 முதல் 1,000 யூனிட்டும் கொஞ்சம் வெயிலும் போதும்.

20க்குக் கீழே போனால் டாக்டர்கள் வழக்கமாக எழுதுவது கோலிகால்சிஃபெரால் (அதாவது வைட்டமின் டி3) 60,000 யூனிட் பாக்கெட், வாரம் ஒன்றாக 8 வாரம். பெரிய தவறு நடப்பது இங்கேதான். சீட்டில் எல்லா மாத்திரைக்கும் 1-0-0, அதாவது தினமும் காலையில் ஒன்று என்று இருக்கும். பாக்கெட்டுக்கும் அதே 1-0-0, ஓரத்தில் சின்னதாக ‘வாரம் ஒருமுறை’. மருந்துக்கடைக் கவரில் அந்த ஓரக் குறிப்பு விட்டுப்போனால் இரண்டு மாத மருந்து எட்டே நாளில் தீர்ந்துவிடும். தீர்ந்ததே என்று மறுபடி வாங்கித் தினமும் சாப்பிடுபவர்கள்தான் ஆபத்தில் மாட்டுகிறார்கள்.

அதனால் வாங்கி வந்த கையோடு ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் சாப்பிட வேண்டிய தேதியை மார்க்கர் பேனாவால் எழுதுங்கள். எட்டு பாக்கெட், எட்டு ஞாயிற்றுக்கிழமை. தினசரி மாத்திரை டப்பாவில் அவற்றைப் போடவே வேண்டாம். டி கொழுப்போடு சேர்ந்தால் நன்றாக உடம்பில் ஏறும். ஆகவே, அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிடும் வேளைக்குப் பிறகு எடுங்கள். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரில் கலக்கிக் குடித்தால் பலன் குறையும். குருணை ஒரு கிராம்தான் இருக்கும். அரை டம்ளர் வெதுவெதுப்பான பாலில் கலக்கிக் குடித்துவிட்டு, அடியில் தங்கியதையும் கொஞ்சம் பால் விட்டு அலசிக் குடியுங்கள். ஒரு வாரம் மறந்துபோனால் நினைவு வந்த நாளில் ஒன்று எடுங்கள். இரண்டாகச் சேர்த்து வேண்டாம்.

அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, மலச்சிக்கல், பேச்சில் குழப்பம் எல்லாம் வரும், சிறுநீரகமும் கெடும். டி, கால்சியம் இரண்டையும் நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போய் ரத்தத்தில் கால்சியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் பாருங்கள். டி கொழுப்பில் தங்கிவிடுவதால், நிறுத்திய பிறகும் பாதிப்பு பல வாரம் நீடிக்கும். ஒரே தடவையில் லட்சக்கணக்கான யூனிட் ஏற்றிக்கொள்வதும் நல்லதல்ல. 2010இல் முடிவு வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட் சாப்பிட்ட 70 வயது தாண்டிய பெண்களுக்குக் கீழே விழுவதும் எலும்பு முறிவதும் கூடியிருந்தன.

சிறுநீரகக் கல், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களும், இதயத்துக்கு டிகாக்ஸின் சாப்பிடுபவர்களும் தாங்களாகத் தொடங்கக் கூடாது. கடையில் ‘அதுவும் டிதான்’ என்று கால்சிட்ரியால், ஆல்ஃபாகால்சிடால் கொடுத்தால் வாங்காதீர்கள். அவை சிறுநீரக நோயாளிகள் போன்றவர்களுக்கு எழுதப்படும் வேறு வகை.

வெயில் விஷயத்தில், காலை ஏழு மணி இளவெயில் உடம்புக்கு இதம்தான், ஆனால் டி உண்டாக்கும் புற ஊதா பி கதிர் அப்போது மிகக் குறைவு. எளிய அளவுகோல் நிழல். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரமே சரியான நேரம். சென்னையில் மே மாதம் காலை ஒன்பது மணி தாண்டியதுமே நிழல் குட்டையாகிவிடும், சூடு ஏறுமுன் முடித்துவிடலாம். டிசம்பரில் பத்தரைக்கு மேல்தான். கைகளும் கால்களும் திறந்திருக்க வாரத்தில் சில நாள் இருபது முப்பது நிமிடம் நில்லுங்கள்; தோல் எரியுமுன் நிழலுக்கு வந்துவிடுங்கள். கண்ணாடி ஜன்னல் அந்தக் கதிரைத் தடுத்துவிடும், எனவே கார் வெயில் கணக்கில் சேராது. மத்தி, கானாங்கெளுத்தி நல்ல உணவு. ஒரு முட்டையில் சுமார் 40 யூனிட்தான்.

கைக்குழந்தைக்கு ஒரு வயது வரை தினம் 400 யூனிட் சொட்டு மருந்து. ஒரு கம்பெனியில் 1 மில்லிக்கு 400 இருக்கும், இன்னொன்றில் 800. பாட்டில் மாறும்போதெல்லாம் லேபிளைப் படியுங்கள். ஒன்றின் ஃபில்லரை மற்றதில் போடாதீர்கள்.

எட்டு வாரம் முடிந்ததும் நிறுத்திவிட்டால் மறுபடி இறங்கும். டாக்டரைக் கேட்டு, மாதம் ஒரு பாக்கெட் அல்லது தினம் 1,000 யூனிட் என்று தொடருங்கள். தொடங்கி மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை செய்யுங்கள், அதற்கு முன் செய்வது வீண் செலவு. ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறவில்லையா? வலிப்புக்கு ஃபெனிடோயின், காசநோய்க்கு ரிஃபாம்பிசின், உடல் பருமன், ஓயாத வயிற்றுப்போக்கு இவற்றில் ஏதேனும் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு அளவே வேறு.