உயிருள்ள செல்லுக்குள் செரட்டோனினைப் பார்க்க ஓர் ஆர்.என்.ஏ உணரி

இந்த உணரியில் இரண்டு பகுதிகள்: நரம்புச் செய்தி கடத்தும் வேதிப்பொருளான செரட்டோனினைப் பிடிக்கும் ஆப்டமர் (குறிப்பிட்ட மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும்படி மடியும் ஆர்.என்.ஏ துண்டு) ஒன்று, சாயத்தை ஒளிரவைக்கும் ‘பிராக்கோலி’ என்ற ஆப்டமர் ஒன்று. இரண்டையும் இணைக்கும் சிறு தண்டில்தான் முழுச் சூட்சுமமும் இருக்கிறது. தண்டு வலுவாக இருந்தால் செரட்டோனின் இல்லாமலே பச்சை ஒளி வரும். வலுவிழந்தால் செரட்டோனின் வந்தும் மடியாது. ஆகவே நான் ஒரே வடிவத்தை நம்புவதில்லை. தண்டில் எதிரெதிரே சேரும் ஆர்.என்.ஏ எழுத்து இணைகளைக் கூட்டியும் குறைத்தும் பல வடிவங்கள் செய்து, முதலில் சோதனைக்குழாயில் 37 டிகிரியில் பார்ப்பேன். மக்னீசியத்தை 1 மில்லிமோலாருக்கு மேல் விடாதீர்கள். 10 மில்லிமோலாரில் அழகாக மடியும் உணரி, செல்லுக்குள் போனதும் கைவிட்டுவிடும்.

பாலூட்டிச் செல்லில் சிறிய நேர்கோட்டு ஆர்.என்.ஏ விரைவில் சிதையும். 2019-இல் வெளிவந்த டொர்னேடோ முறையில் அதை வளையமாக்கிவிடுங்கள்.

பிறகு ஃபீனால் சிவப்பு இல்லாத ஊடகத்தில் டி.எஃப்.எச்.பி.ஐ-1டி சாயம் சேருங்கள். 470 நானோமீட்டரில் தூண்டி, 505-ஐ ஒட்டிப் படமெடுங்கள். ஒளியைத் தொடர்ந்து பாய்ச்சாமல் விட்டுவிட்டுக் கொடுங்கள். மங்கிய சாயம் விலகிப் புதியது வந்து அமர நேரம் கிடைக்கும்.

செரட்டோனினைப் பிடிக்கும் இடத்தில் ஆர்.என்.ஏ எழுத்தை மாற்றி, அதைப் பிடிக்க முடியாதபடி செய்த உணரியையும் கூடவே சோதியுங்கள். அதுவும் பிரகாசமானால் நீங்கள் பார்ப்பது செரட்டோனின் அல்ல. இன்னொன்று: இந்த உணரி செல்லுக்குள் உள்ள சைட்டோபிளாசத்தில் இருப்பதைத்தான் காட்டும், இரு நரம்புச் செல்களுக்கு இடையிலான சினாப்ஸ் இடைவெளியில் இருப்பதை அல்ல.