அளவாய்வுப் படகுக்கு மோஷன் சென்சார் தேர்ந்தெடுக்கும் முறை

பல ஒலிக்கற்றைகளை விசிறிபோல் அனுப்பி ஆழம் அளக்கும் மல்டிபீம் எக்கோசவுண்டர் கொண்டு கடலடியை அளக்கும் படகில், ஒலிக்கற்றை புறப்பட்டுத் திரும்பும் கணத்தில் படகு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, எவ்வளவு உயர்ந்திருந்தது என்பதைச் சொல்வதே மோஷன் சென்சாரின் வேலை. ரோல் எனப்படும் பக்கவாட்டுச் சாய்வு, பிட்ச் எனப்படும் முன்பின் சாய்வு, ஹீவ் எனப்படும் மேல்கீழ் அசைவு ஆகிய மூன்றில் எது தவறினாலும், அந்தத் தவறு ஆழ அளவில் போய் அமர்ந்துவிடும். ஆகவே இக்கருவியை வாங்கப்போகிறவர், விற்பனையாளரின் விவரத்தாளிலிருந்து தொடங்காமல், தாம் ஒப்படைக்க வேண்டிய வரைபடத்தில் எவ்வளவு பிழை பொறுக்கப்படும் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு வருவது நல்லது.

பன்னாட்டு ஹைட்ரோகிராஃபிக் அமைப்பின் எஸ்-44 தரவிதி, 2020இல் வந்த ஆறாம் பதிப்பின்படி, கப்பலின் அடிப்பகுதிக்கும் கடலடிக்கும் இடைவெளி குறைவான துறைமுகப் பகுதிகளுக்கான ஸ்பெஷல் ஆர்டர் அளவாய்வில், 20 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 29 சென்டிமீட்டரும், 50 மீட்டரில் ஏறத்தாழ 45 சென்டிமீட்டரும் செங்குத்துப் பிழைக்கு இடமுண்டு. ஓதம், நீரில் ஒலியின் வேகம், படகின் மிதவை ஆழம் ஆகிய எல்லாவற்றின் பிழையும் இதற்குள் அடங்க வேண்டும். இப்போது சென்சாரின் பங்கைப் பார்ப்போம். செங்குத்திலிருந்து 60 டிகிரி விலகிச் செல்லும் ஓரக் கற்றை, 50 மீட்டர் ஆழத்தில் படகிலிருந்து சுமார் 87 மீட்டர் தள்ளிக் கடலடியைத் தொடும், அங்கே 0.05 டிகிரி ரோல் பிழை ஆழத்தில் ஏழரை சென்டிமீட்டராக வெளிப்படும். ஆனால் விவரத்தாளில் அச்சிடப்படுவது பொதுவாக ஆர்எம்எஸ் மதிப்பு, அதாவது பிழைகளின் வர்க்கச் சராசரிக்கு வர்க்கமூலம். தரவிதி கேட்பதோ 95 விழுக்காட்டு நம்பக மதிப்பு, அதாவது நூற்றில் 95 அளவுகளின் பிழை அடங்கும் எல்லை. எனவே அதை இரட்டிப்பாக்கி 15 சென்டிமீட்டர் என்று கொள்ள வேண்டும். பிழைகள் வர்க்கமாகக் கூடுவதால், 45 சென்டிமீட்டர் வரம்பில் இது பத்தில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டுகிறது, அவ்வளவுதான். துறைமுகத் தூர்வாரல் அளவாய்வுக்கு 0.01 டிகிரி சென்சாருக்குப் பல மடங்கு விலை கொடுப்பது பெரும்பாலும் வீண் என்பதே என் கருத்து. கடலடிக் குழாய், காற்றாலை அடித்தளம் போன்ற பணிகளில் ஒப்பந்தக்காரர் தரவிதியைவிடக் கடுமையான வரம்பை எழுதிவைத்திருந்தால் மட்டும் கணக்கு மாறும்.

மிச்சமாகும் பணத்தையும் கவனத்தையும் ஹீவ் பக்கம் திருப்புவது பயன் தரும். சென்சார் ஹீவை நேரடியாக அளப்பதில்லை. செங்குத்து முடுக்கத்தை அளந்து, அதை இருமுறை தொகையிட்டு உயரமாக மாற்றுகிறது. முடுக்கமானியின் மிகச் சிறிய நிலையான பிழையும் இவ்வாறு தொகையிடும்போது வளர்ந்துகொண்டே போகும் என்பதால், மெதுவாக மாறும் எதையும் வெட்டியெறியும் வடிகட்டி ஒன்று உள்ளே வைக்கப்படுகிறது. சிக்கல் இங்கேதான்: நீண்ட அலையும் மெதுவாகவே மாறும். தெற்கு இந்தியப் பெருங்கடலில் பிறந்து கன்னியாகுமரி, கேரளக் கரைகளை அடையும் கள்ளக்கடல் அலைகளின் அலைவுக்காலம் 15 வினாடிக்கு மேலும் நீளும். குறுகிய அலைகளுக்கென அமைத்த வடிகட்டி அவற்றின் ஒரு பகுதியை அலையாகக் கருதாமல் விழுங்கிவிடும். “5 சென்டிமீட்டர் அல்லது 5 விழுக்காடு, எது பெரிதோ அது” என்று ஹீவ் பிழையைக் குறிக்கும் வழக்கமான வாசகத்தைப் பார்த்ததும், அது எத்தனை வினாடி அலைவுக்காலம் வரை பொருந்தும் என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அளவாய்வு மட்டுமே நோக்கமென்றால், சில நிமிடங்கள் தாமதித்து முன்னும் பின்னுமான தரவைச் சேர்த்துக் கணக்கிடும் தாமத ஹீவ் வசதி உள்ள கருவியைத் தேடுங்கள். அதில் 2 சென்டிமீட்டர் அல்லது 2 விழுக்காடு வரை எதிர்பார்க்கலாம். கிரேனின் வடத்தை அலைக்கேற்ப இழுத்துத் தளர்த்தும் அமைப்புக்கு இந்த வசதி உதவாது, ஏனெனில் அதற்கு அந்தந்தக் கணத்தின் மதிப்பே வேண்டும். கரைக்கு அருகே, செயற்கைக்கோள் நிலையைச் சென்டிமீட்டர் அளவுக்குத் துல்லியமாக்கும் ஆர்டிகே திருத்தம் கிடைக்கும் இடங்களில், செயற்கைக்கோள் உயரத்தைக் கொண்டே ஹீவின் நீண்டகாலப் பிழையைச் சரிசெய்துகொள்ளலாம்.

படகு திரும்பும்போது என்ன ஆகிறது என்பதை விவரத்தாள்கள் அதிகம் பேசுவதில்லை. வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் 100 மீட்டர் ஆரத்தில் திரும்பும் படகில் ஏற்படும் பக்கவாட்டு முடுக்கத்தை, துணையின்றி இயங்கும் சென்சார் புவியீர்ப்பின் திசை மாற்றமாக எடுத்துக்கொண்டால், ஒன்றரை டிகிரி அளவுக்குப் பொய்ச் சாய்வைக் காட்டக்கூடும். சென்சாருக்குள் சுழற்சியை அளக்கும் ஜைரோக்கள் இதைக் குறுகிய நேரத்துக்குத் தாங்கும். நீண்ட திருப்பத்தில் தாங்காது. ஆகவே செயற்கைக்கோள் ஏற்பியிலிருந்து வேகத்தையும் திசையையும் உள்வாங்கும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும். சிறிய படகுகள் அளவாய்வுக்காக ஓட்டும் ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் சட்டென்று திரும்புவதால் அவற்றுக்கு இது இன்னும் முக்கியம்.

படகின் முகப்பு நோக்கும் திசையை அறிய இரண்டு வழிகள் உண்டு. சில்லில் செதுக்கிய நுண்ணுறுப்புகளால் இயங்கும் மெம்ஸ் வகைச் சென்சார்கள் பொதுவாக இரு ஆன்டெனாக்களுக்கு இடையிலான கோட்டிலிருந்து திசையைப் பெறுகின்றன. ஆன்டெனாக்கள் எவ்வளவு தள்ளியிருக்கின்றனவோ அவ்வளவு துல்லியம். ஒளியிழை ஜைரோக்கள் பூமியின் சுழற்சியைக் கொண்டே வடக்கைக் கண்டறிவதால், பாலத்தின் அடியிலும் பெரிய எண்ணெய் மேடையின் நிழலிலும் கைவிடுவதில்லை. இம்முறையின் துல்லியம் துருவத்தை நெருங்கக் குறையும்: வட நார்வேயின் 70 டிகிரி அட்சத்தில் பிழை ஏறத்தாழ மூன்று மடங்காகும், சென்னையின் 13 டிகிரியில் அந்த இழப்பு மிகச் சொற்பம்.

நேர ஒத்திசைவை அலட்சியம் செய்தவர்கள் நல்ல சென்சாரையும் கெடுத்திருக்கிறார்கள். ஆறு வினாடிக்கு ஒருமுறை இருபுறமும் 5 டிகிரி உருளும் படகு, நேர்நிலையைக் கடக்கும்போது வினாடிக்கு ஐந்து டிகிரிக்கு மேல் நகர்கிறது. 10 மில்லிவினாடித் தாமதமே 0.05 டிகிரியைத் தின்றுவிடும். ஆகவே செயற்கைக்கோள் ஏற்பி வினாடிக்கு ஒருமுறை அனுப்பும் நேரத் துடிப்பை ஏற்று ஒவ்வொரு தரவுக்கும் நேர முத்திரை இடும் கருவியா, உங்கள் எக்கோசவுண்டரும் பதிவு மென்பொருளும் புரிந்துகொள்ளும் வடிவத்தில் 100 ஹெர்ட்ஸ் வேகத்தில் தரவு தருமா என்று பாருங்கள்.

பொருத்தும் இடத்தையும் வாங்கும்போதே முடிவுசெய்ய வேண்டும். படகின் பக்கத்தில் கம்பத்தில் எக்கோசவுண்டரைக் கட்டுவதாக இருந்தால், கம்பம் நீரோட்டத்தில் வளைந்து அதிர்வதைப் படகின் நடுவிலுள்ள சென்சார் அறியாது. அத்தகைய பணிக்கு நீரில் மூழ்கத்தக்க உறையுள்ள சென்சாரைக் கம்பத்தின் அடியில் எக்கோசவுண்டருடனேயே பொருத்துவது மேல். மற்றபடி, எஞ்சின் அதிர்விலிருந்து விலகிய உறுதியான தளமும், சென்சாருக்கும் எக்கோசவுண்டருக்கும் இடையே சென்டிமீட்டர் துல்லியத்தில் அளந்த தூரங்களும் போதும். சென்சாருக்குப் பத்து மீட்டர் முன்னால் உள்ள எக்கோசவுண்டர், 3 டிகிரி பிட்சில் அரை மீட்டருக்கு மேல் உயர்ந்து தாழ்கிறது. தூரம் சரியாகத் தெரிந்தால் இதைக் கணக்கில் கழித்துவிடலாம்.

பெரிய கப்பல்களில் கேள்விகள் வேறு. ஒரே இடத்தில் நிலைநிறுத்தும் டிபி அமைப்பில், இரண்டாம் வகுப்பிலிருந்து, ஒற்றைக் கருவி பழுதானால் கப்பல் இடம்பெயரக் கூடாது என்பதால், துல்லியத்தைவிடத் தனித்தனி மின்வழியில் இயங்கும் பல சென்சார்களும் கப்பல்களின் தரத்தைச் சோதித்துச் சான்றளிக்கும் வகைப்பாட்டுச் சங்கத்தின் சான்றும் முதன்மை பெறுகின்றன. ஹெலிகாப்டர் தளத்திலோ ஹீவைவிட அதன் வேகமே விமானியின் முடிவைத் தீர்மானிக்கிறது. வெடிவாயு சூழும் பகுதிக்கு அதற்கெனச் சான்றிதழ் பெற்ற உறை வேண்டும்.

உயர்தர ஜைரோக்கள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியல்களில் இருப்பதால், இறுதிப் பயனர் சான்று கேட்கப்படலாம்; உரிமத்துக்கும் சுங்கத்துக்கும் ஆகும் காலத்தைப் பணி அட்டவணையில் சேர்த்துக்கொள்ளுங்கள். பழுதானால் கருவி எந்த நாட்டுக்குப் போகும், அதுவரை மாற்றுக் கருவி தருவார்களா என்பதை விலை பேசும்போதே கேட்பது நல்லது, ஏனெனில் பணம் செலுத்திய பின் அந்தக் கேள்விக்கு வலு இருப்பதில்லை.

இறுதி முடிவுக்கு முன் கருவியை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துக் கடலில் சோதியுங்கள். கட்டிவைத்த படகில் எந்தச் சென்சாரும் நன்றாகவே தெரியும். சென்சாருக்கும் எக்கோசவுண்டருக்கும் இடையிலான கோண வேறுபாட்டைக் கண்டறியும் பேட்ச் டெஸ்ட் முடித்த பின், தட்டையான கடலடியின் மீது அலைக்குக் குறுக்கே ஒரு கோடும் அலையோடு ஒரு கோடும் ஓட்டி, திருப்பம் முடிந்த உடனேயே பதிவைத் தொடங்குங்கள். ஓரக் கற்றைகளில் அலைவுக்காலத்துக்கு ஒத்த மேடுபள்ளம் தெரிந்தால் நேர ஒத்திசைவைச் சந்தேகிக்கலாம். முழு அகலமும் சேர்ந்து ஏறி இறங்கினால் பெரும்பாலும் ஹீவோ தூர அளவோ காரணம். திருப்பத்துக்குப் பின் அந்த ஏற்ற இறக்கம் அடங்க எத்தனை நிமிடம் ஆகிறதோ, அத்தனை நிமிட ஓட்டத்தை ஒவ்வொரு கோட்டின் தொடக்கத்திலும் நீங்கள் இழக்கப்போகிறீர்கள். அந்த எரிபொருளையும் விலையோடு கூட்டியே இரண்டு கருவிகளை ஒப்பிடுங்கள்.