பழைய தாரை மறுபடி சாலையாக்க: ஒரு பயிற்சியாளரின் பாடமுறை

நெடுஞ்சாலை இன்ஜினியர்களுக்கு மறுசுழற்சி வகுப்பு எடுக்கப் போனால் முதல் நாள் புரொஜெக்டரைத் தொடாதீர்கள். மில்லிங் மெஷின் சுரண்டித் தள்ளிய பழைய சரக்கை, நாங்கள் 'ராப்' என்போம், ஒரு தட்டு நிறையக் கொட்டி வையுங்கள். சலித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய ஜல்லி ஏராளம் என்று எழுதிக் கொடுப்பார்கள். அப்புறம் 20 மி.மீ. சல்லடையில் நின்ற ஒரு கட்டியைச் சூடாக்கி, கையுறை போட்டு நசுக்கச் சொல்லுங்கள். உதிர்ந்து இரண்டு சின்னச் சில்லும் கறுப்பு மணலும்தான் மிஞ்சும். தாரைப் பிரித்தெடுத்த பிறகு சலித்தால்தான் உண்மையான ஜல்லி அளவு தெரியும் என்பதை இதைவிட நன்றாக எந்த ஸ்லைடும் சொல்லாது.

அடுத்தது தார். பழைய தார் இறுகிப்போயிருக்கும். அதன் பெனிட்ரேஷன், அதாவது தாரில் ஊசி எவ்வளவு இறங்குகிறது என்ற அளவு (எண் கூடினால் தார் இளகல்), 20 என்று வைத்துக்கொள்வோம். புதிதாகச் சேர்ப்பது 100. மொத்தத் தாரில் பழையது 30 சதவீதம். கலவை எவ்வளவு வரும் என்று கேட்டால் பெரும்பாலும் 76 என்பார்கள், நேர் சராசரி போட்டு. லாகரிதம் எடுத்துச் சராசரி போட்டால் சுமார் 62. இந்தக் கணக்கைப் பலகையில் அவர்களே போடட்டும். அந்த 14 புள்ளி வித்தியாசத்தில்தான் பின்னால் விரிசல் வருகிறது. பழைய தார் முழுக்க இளகிப் புதியதோடு சேர்ந்துவிடும் என்று நம்பித்தான் இந்தக் கணக்கே. பிளான்டில் அப்படி முழுசாகச் சேர்வதில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பிளான்டில் சூடாக்கிக் கலக்கும் முறையில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: ராப் நேரே தீ நாக்கில் படக்கூடாது, புகைந்து கருகிவிடும். புது ஜல்லியை அதிகம் சூடாக்கி, அந்தச் சூட்டில்தான் ராப் வேக வேண்டும்.

எனக்குப் பிடித்தது, ராப்பைச் சூடாக்காமலே கலக்கும் நுரைத் தார். சுமார் 170 டிகிரித் தாரில் இரண்டு மூன்று சதவீதம் தண்ணீரைப் பீய்ச்சினால் ஆவியாகி, தார் பத்து மடங்குக்கு மேல்கூடப் பொங்கும். வாளி, அளவுக்கோல், ஸ்டாப்வாட்ச் கொடுத்துவிடுங்கள். எத்தனை மடங்கு பொங்கியது, பாதியாக அடங்க எத்தனை நொடி, இரண்டையும் குறிக்கட்டும். குறைந்தது எட்டு மடங்கு, ஆறு நொடி வேண்டும். தண்ணீரைக் கூட்டினால் பொங்குவது கூடும், நுரையின் ஆயுள் குறையும். இரண்டு கோட்டையும் ஒரே தாளில் வரைந்து, இரண்டும் தேறுகிற இடத்தை அவர்களே பிடிக்கட்டும்.

ஈரத்தை அலட்சியம் பண்ண விடாதீர்கள். ஒருமுறை மழையில் மூடாமல் கிடந்த ராப் குவியலை, முந்தைய நாள் ஈர அளவை நம்பிக் கலக்க விட்டேன். ரோலர் ஏறியதும் சாலை மெத்தை மாதிரி அமுங்கியது. அன்றிலிருந்து, காலையில் ஈரம் பார்க்காமல் கலவையில் கை வைப்பதில்லை.

எந்த முறை என்பதைக் கடைசியில் பேசலாம். மேல் 25 முதல் 50 மி.மீ. மட்டும் கெட்டிருந்தால் அங்கேயே சூடாக்கிப் போடும் முறை போதும். அடித்தளமே தளர்ந்திருந்தால் முழு ஆழத்துக்கும் உழுது கலக்க வேண்டும். குழி தோண்டிப் பார்க்காமல் யாரையும் பதில் சொல்ல விடாதீர்கள்.

களத்தில் மெஷின் பின்னால் நடக்கவிட்டு, நுரைத் தார் கலந்த சரக்கை ஒரு பிடி இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். உள்ளங்கையில் பொடிப்பொடியாகக் கரும்புள்ளி ஒட்டினால் சரி. நூல் நூலாகத் தார் இழுத்தால் உடனே மெஷினை நிறுத்தி, டேங்கரில் தார்ச் சூட்டைப் பார்க்க ஓட வேண்டும்.