உலகப் பாரம்பரிய ஆவணங்களைப் படிப்பது எப்படி: கொரியாவிடமிருந்து அரிக்கமேட்டுக்கு

2025 ஜூலையில் பாரிஸில் கூடிய உலகப் பாரம்பரியக் குழு, மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக நம் செஞ்சிக் கோட்டையைப் பட்டியலில் சேர்த்தது. அதே அமர்வில் தென்கொரியாவின் உல்சான் நகரை ஒட்டிய பன்குச்சொன் ஓடைக்கரைப் பாறைச் செதுக்கல்களும் இடம்பெற்றன. செஞ்சிச் செய்தியைப் பகிர்ந்துகொண்ட புதுச்சேரி, கடலூர் நண்பர்கள் பலர் அடுத்துக் கேட்டது, "அரிக்கமேட்டுக்கு எப்போது?" என்பதுதான். புதுச்சேரியை ஒட்டிய பழைய துறைமுகத் தலமான அரிக்கமேடு 2010 முதல் இந்தியாவின் தற்காலிகப் பட்டியலில், பட்டுப்பாதைத் தலங்கள் என்ற தொகுப்புக்குள் ஒன்றாக இருக்கிறது. அங்கிருந்து முழுப் பட்டியலுக்குப் போகும் வழியில் என்னென்ன கேட்கப்படும் என்பதை அறிய, கொரியா அனுப்பிய ஆவணங்களைவிட நல்ல பாடநூல் எனக்குத் தெரிந்து இல்லை. வெற்றிகள் மட்டுமல்லாமல், திருப்பி எடுத்துக்கொண்டவையும் திருத்தி மீண்டும் அனுப்பியவையும் அந்த நாட்டின் கணக்கில் இருக்கின்றன.

படிக்கத் தொடங்குமுன் நடைமுறையைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள். ஓர் இடம் குறைந்தது ஓராண்டு தற்காலிகப் பட்டியலில் இருந்த பிறகே அதற்கான முன்மொழிவை நாட்டின் அரசு அனுப்ப முடியும். பிப்ரவரி 1 கடைசி நாள். பண்பாட்டு இடங்களை இக்கோமோஸ் என்ற வல்லுநர் அமைப்பும் இயற்கை இடங்களை ஐ.யு.சி.என். அமைப்பும் ஏறத்தாழ ஓராண்டுக்கு மேல் ஆராய்ந்து பரிந்துரை செய்கின்றன. பதிவு செய்யலாம், கூடுதல் விவரம் கேட்டுத் திருப்பலாம், ஒத்திவைக்கலாம், பதிவு வேண்டாம் எனலாம் என்று பரிந்துரை நான்கு வகைப்படும். 2020 முதல் ஒரு நாடு ஆண்டுக்கு ஒரு முன்மொழிவுதான் அனுப்ப முடியும் என்பதால், இந்தியாவைப் போன்ற பெரிய நாட்டில் ஒவ்வோர் இடத்துக்கும் வரிசை நீளம்.

யுனெஸ்கோவின் இணையதளத்தில் பதிவான ஒவ்வோர் இடத்துக்கும் தனிப் பக்கம் உண்டு. அதன் ஆவணப் பகுதியில் நாடு அனுப்பிய முன்மொழிவு, இக்கோமோஸின் மதிப்பீடு, குழுவின் தீர்மானம் ஆகிய மூன்றும் கிடைக்கும். பலரும் நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட முன்மொழிவில் தொடங்கிப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். தலைகீழாகப் படியுங்கள் என்பதே என் முதல் அறிவுரை. தீர்மானத்தை முதலில் படித்தால் எது ஏற்கப்பட்டது என்பது இரண்டு மூன்று பக்கத்தில் விளங்கிவிடும். மதிப்பீட்டில் எது குறையாகப் பட்டது என்பது தெரியும். அதன் பிறகு முன்மொழிவைத் திறந்தால் எந்தப் பக்கத்தில் எதைத் தேட வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்கும்.

முதல் பயிற்சிக்குச் சொவொன் எனப்படும் கன்பூசியக் கல்விக்கூடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1543இல் தோன்றிய சோசு சொவொன் உள்ளிட்ட ஒன்பது கூடங்களை ஒரே தொகுப்பாகக் கொரியா முன்மொழிந்தது. 2016இல் இக்கோமோஸ் ஒத்திவைக்கப் பரிந்துரைத்தது. சீனா முதலிய நாடுகளின் கல்விக்கூடங்களிலிருந்து இவை எவ்வாறு வேறுபடுகின்றன என்பது போதுமான அளவு நிறுவப்படவில்லை. கூடங்களைச் சூழ்ந்த நிலக்காட்சியும் எல்லைக்குள் சரிவரச் சேர்க்கப்படவில்லை. கொரியா முன்மொழிவைத் திரும்பப் பெற்று, இக்கோமோஸின் ஆலோசனையோடு மாற்றி எழுதி, 2018இல் மீண்டும் அனுப்பியது. 2019இல் பாகு நகரில் கூடிய குழு அதைப் பதிவு செய்தது.

நிலக்காட்சி ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை அந்த ஒன்பதில் ஒன்றான பியோங்சான் சொவொனின் படத்தைப் பார்த்தால் உடனே புரியும். அதன் முகப்பில் மாந்தேரு என்ற மாடி மண்டபம் நிற்கிறது. சுவர்களே இல்லாத ஏழு கண் மண்டபம். உள்முற்றத்திலிருந்து பார்த்தால், தூண்களுக்கு இடையே நக்தோங் ஆறும் அதன் மறுகரையில் செங்குத்தாக எழும் மலையும் ஏழு துண்டுகளாகத் தெரியும். கட்டடத்துக்கு மட்டும் கோடு போட்டு ஆற்றையும் மலையையும் வெளியே விட்டால், அதைக் கட்டியவர்கள் எதைப் பார்ப்பதற்காகக் கட்டினார்களோ அது வெளியே போய்விடும். ஆகவே எந்த முன்மொழிவிலும் வரைபடப் பகுதியை மேலோட்டமாகப் புரட்டாதீர்கள். உள் எல்லை எங்கே முடிகிறது, சுற்றுக் காப்பு மண்டலம் எங்கே தொடங்குகிறது, கோடு ஏன் அங்கே வளைகிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். அதே கண்ணோடு அரிக்கமேட்டுக்குப் போனால், பழைய செங்கல் தூண்களும் மாந்தோப்பும் மட்டும் தலம் ஆகா என்பதும், கப்பல்கள் வந்து நின்ற அரியாங்குப்பம் ஆறும் அது கடலைத் தொடும் முகத்துவாரமும் இல்லாமல் அந்த இடத்தின் கதையே நிற்காது என்பதும் தெரியும்.

அடுத்து நின்று படிக்க வேண்டியது ஒப்பீட்டுப் பகுதி. நம்மவர் எழுத்தில் மிகவும் மெலிந்து கிடப்பதும் அதுவே. "தொன்மை வாய்ந்தது", "உலகப் புகழ்பெற்றது" என்ற சொற்களுக்கு மதிப்பீட்டாளரிடம் எடை இல்லை. இதைப் போன்ற இடங்கள் உலகில் வேறெங்கே உள்ளன, அவற்றில் இல்லாத எது இங்கே இருக்கிறது என்பதே அவர்கள் கேள்வி. இதை நீங்களே செய்து பாருங்கள். ஒரு தாளில் அரிக்கமேடு, காவிரிப்பூம்பட்டினம், கேரளத்தில் பட்டணம் என்ற ஊர், எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரனிக்கே, வியட்நாமின் ஓக் ஏயோ என வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் அகழ்வில் கிடைத்தவற்றைக் குறியுங்கள். அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் வீலர் அகழ்ந்தபோது இத்தாலியப் பானை ஓடுகளே பேசப்பட்டன. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி நடத்திய அகழ்வோ, ரோமானிய வணிகத்துக்கு முன்பும் பின்பும் இங்கே மக்கள் வாழ்ந்ததைக் காட்டியது. அந்த நீண்ட வாழ்வையும் கண்ணாடி மணி, கல்மணித் தொழிலையும் முன்வைத்தால்தான் இந்த இடத்துக்கெனத் தனி வாதம் கிடைக்கும் என்பது என் கருத்து. ரோமானியர் வந்தார்கள் என்பதை மட்டும் சொன்னால், அதைச் சொல்லப் பெரனிக்கேயும் பட்டணமும் இருக்கின்றன.

தொகுப்பாக முன்மொழியும்போது ஒவ்வோர் உறுப்பும் தன் இடத்தை நியாயப்படுத்த வேண்டும். சான்சா எனப்படும் மலைப் பௌத்த மடாலயங்கள் ஏழில் நான்கை மட்டுமே 2018இல் இக்கோமோஸ் பரிந்துரைத்தது. குழு ஏழையும் ஏற்றது. எந்த மூன்றை ஏன் விட்டார்கள் என்பதை மதிப்பீட்டில் தேடிப் படியுங்கள். சியோல் நகர மதிலின் கதை இன்னொரு விதம். 1396இல் எழுந்த, 18.6 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த மதிலுக்கு 2017இல் பதிவு வேண்டாம் என்ற பரிந்துரை வந்ததும் கொரியா முன்மொழிவைத் திரும்பப் பெற்றது. பிறகு புக்கான்சான் மலைக்கோட்டையையும் இரண்டையும் இணைக்கும் தாங்சுன்தே மதிலையும் சேர்த்து, ஹான்யாங் (சியோலின் பழைய பெயர்) தலைநகரின் காப்பரண்கள் என்று வாதத்தையே மாற்றி வகுத்தது. ஒரு மதிலின் பெருமை என்பது போய், ஒரு தலைநகர் தன் மக்களைக் காக்க வகுத்த ஏற்பாடு என்பது முன்னுக்கு வந்தது. பட்டுப்பாதைத் தொகுப்பில் அரிக்கமேடு எதைத் தருகிறது என்று எழுத உட்காருமுன் இவ்விரண்டையும் படித்துவிடுங்கள்.

கொரியா என்றதும் நம் பக்கத்தில் ஆயுத்தா இளவரசியின் பேச்சு வந்துவிடும். ஆயுத்தா நாட்டிலிருந்து கடல் கடந்து வந்து, கொரியாவின் பழைய கயா நாட்டு அரசனை மணந்த ஹோ அரசியின் கதை 13ஆம் நூற்றாண்டு நூலான சாம்குக் யூசாவில் உள்ளது. அவள் தமிழ்நாட்டவள் என்று நம்புவோர் பலர். அந்தக் கதையின் மீது எனக்கும் பிரியம் உண்டு. ஆனால் 2023இல் பதிவான கயா கல்லறை மேடுகளின் ஆவணத்தைத் திறந்து பாருங்கள். ஏழு கல்லறைத் தொகுதிகளின் இருப்பிடம், குழி அமைப்பு, உள்ளே வைத்த பொருள்கள் ஆகியவற்றைக் கொண்டு, ஒரே அரசாகக் கலந்துவிடாமல் தன்னாட்சியோடு இயங்கிய சிற்றரசுகளின் கூட்டமைப்பு நிறுவப்பட்டது. பதிவைப் பெற்றுத் தந்தவை மண்ணில் கிடைத்த சான்றுகள். நம் ஊர்க் குறிப்புகளிலும் தலபுராணத்தைத் தனியாகவும் அகழ்வுச் சான்றைத் தனியாகவும் எழுதும் பழக்கம் வேண்டும்.

பாதுகாப்புப் பகுதிக்குப் பன்குச்சொன் ஆவணமே போதும். 1971இல் கண்டறியப்பட்ட பன்குதே பாறையில் திமிங்கிலங்களும், படகேறி அவற்றை வேட்டையாடும் மனிதரும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். குட்டியைச் சுமந்து நீந்தும் திமிங்கிலம் ஒன்றும் அங்கே உண்டு. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1965இல், கீழ்ப்பகுதியில் சயோன் அணை கட்டி முடிக்கப்பட்டிருந்ததால், மழை மிகும்போது நீர்மட்டம் ஏறிப் பாறை மூழ்குகிறது. மதகு அமைத்து நீர்மட்டத்தைக் குறைக்கும் திட்டத்தின் முன்னேற்றத்தைத் தெரிவிக்கும்படி குழு கேட்டுக்கொண்டது. பதிவான அதே மாதப் பெருமழையில் பாறை மறுபடியும் மூழ்கியது. ஆபத்தை மறைக்காமல் எழுதியதும் அதற்குப் பொறுப்பான திட்டத்தைக் காட்டியதும்தான் அந்த ஆவணத்தில் நாம் கற்க வேண்டியவை. அரிக்கமேட்டுக்கு அந்தப் பகுதியை எழுதினால் ஆற்றங்கரை அரிப்பும், 2011 தானே, 2024 பெஞ்சல் போன்ற புயல்களும், பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதியும் அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதியும் வகுக்கும் மத்தியச் சட்டமும் அதில் இடம்பெற வேண்டும்.

கரை அரிப்பைப் பற்றி எழுத, தேதியிட்ட படங்கள் தேவை. இதை இந்த வாரமே நீங்கள் தொடங்கலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் காக்காயன்தோப்பு வழியாகப் போய், பொது வழியில் நின்று, ஒவ்வொரு முறையும் அதே இடத்திலிருந்து அதே திசையில் கரையைப் படமெடுங்கள். அளவு தெரிய ஓர் அளவுகோல் படத்துக்குள் இருக்கட்டும். நாள், நேரம், ஆற்றில் ஏற்றமா வற்றமா என்பதை அன்றே எழுதிவையுங்கள். மழை கரைத்த மண்ணில் பானை ஓடோ மணியோ கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள்; கிடந்த நிலையிலேயே படமெடுத்து, இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்கு எழுதித் தெரிவியுங்கள்.