ஜூஸ் தொடங்கியதும் வந்த தலைவலி

காலையில் வெண்பூசணிச் சாறு குடிக்க ஆரம்பித்தபோது காபியையும் கூடவே நிறுத்தினேன். முதல் நாள் ஒன்றுமில்லை. மறுநாள் காலை நெற்றிப்பொட்டில் பிடித்த வலி நாலு நாள் விடவில்லை.

பழி சாற்றின் மேல் விழுந்தது. இஞ்சியை விட்டேன், எலுமிச்சையை விட்டேன், பூசணிக்குப் பதில் கேரட் போட்டேன். பித்தம் என்றார் அம்மா. சுக்குப் பற்றும் போட்டாயிற்று. ம்ஹும்.

அப்புறம் ஒரு கல்யாண வீட்டில் தட்ட முடியாமல் அரை டம்ளர் காபி. முக்கால் மணி நேரத்தில் வலி போன இடம் தெரியவில்லை. அப்போதுதான் உறைத்தது. காபியில் இருக்கும் கஃபீனை நிறுத்தினால் வலி உடனே வராது. பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும். முதல் நாள் ஏமாந்தது அதனால்தான்.

சரி என்று காபிக்கே திரும்பினேன், பொடியை மட்டும் மாற்றி. காபிப் பொடியில் கலக்கும் சிக்கரியில் கஃபீன் கிடையாது. காபி 80க்குச் சிக்கரி 20 என்று வாங்கிக்கொண்டிருந்தவன், வாரம் ஒரு படியாக 70க்கு 30, 60க்கு 40 என்று கலந்து தரச் சொன்னேன். டிகாஷன் கறுப்பாகவே இறங்கியதால் நாக்கு பெரிதாக முறைக்கவில்லை. இப்போது 6 மணிக்குச் சாறு, 8 மணிக்கு 50க்கு 50 காபி. தலைவலி மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடக்கிறது.