எந்த ஐந்து ஆண்டு? சேமிப்பை எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட்டி விகிதத்தைக் கால் சதவீதம் வரை ஒப்பிட்டுப் பார்த்துப் பணம் போடுகிறவர்கள்கூட, அதை எப்போது, எவ்வளவு எடுக்கலாம் என்ற விதியைப் பணம் தேவைப்படுகிற அன்றுதான் படிக்கிறார்கள். பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி), பி.எஃப். (தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி), வரிச்சலுகை வைப்பு, மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் ஆகிய நான்கிலும் ‘ஐந்து ஆண்டு’ என்ற கெடு வருகிறது. ஆனால் நான்கிலும் அதற்குப் பொருள் வேறு.

2019 ஆகஸ்டில் பி.பி.எஃப். கணக்குத் தொடங்கிய ஒருவர், 2024 ஆகஸ்டில் பணம் எடுத்து மகளின் பொறியியல் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்று எண்ணியிருப்பார். கணக்குத் தொடங்கிய நிதியாண்டு முடிந்த பிறகே ஐந்து ஆண்டு எண்ணப்படுவதால், 2025 ஏப்ரல் 1-க்கு முன் அவரால் பகுதித் தொகையை எடுக்க முடியாது. தொகையிலும் ஏமாற்றம் உண்டு. பாஸ்புக்கில் இருப்பதில் பாதி கிடைக்கும் என்பது பரவலான நம்பிக்கை. விதியோ, பணம் எடுக்கும் ஆண்டுக்கு முந்தைய ஆண்டின் இறுதி இருப்பு, எடுக்கும் ஆண்டிலிருந்து பின்னோக்கி எண்ணினால் வரும் நான்காம் ஆண்டின் இறுதி இருப்பு, இவற்றில் எது குறைவோ அதில்தான் பாதி என்கிறது. ஆண்டுக்கு 1 லட்சம் போட்டு வந்தவரின் பாஸ்புக் 2025 மார்ச்சில் 6 லட்சத்தைத் தாண்டியிருக்கும். ஆனால் 2025-26-இல் அவருக்குக் கணக்கில் கொள்ளப்படுவது 2022 மார்ச் 31 அன்றைய இருப்பு, அதாவது மூன்று தவணையும் வட்டியும் மட்டுமே. கைக்கு வருவது ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். அதுவும் ஆண்டுக்கு ஒரு முறைதான். இந்தப் பூட்டுக்கு ஒரு பயனும் உண்டு: கடன்காரர் வழக்கில் வென்றாலும் பி.பி.எஃப். தொகையை நீதிமன்ற ஆணையால் ஜப்தி செய்ய முடியாது.

பி.எஃப்.-இல் எண்ணப்படுவது பணியாண்டு. அம்பத்தூரில் 4 ஆண்டு 8 மாதம் வேலை பார்த்த என் உறவினர் ஒருவர், கிண்டியில் வேறு வேலை கிடைக்கும்வரை வீட்டில் இருந்த இடைவெளியில் பழைய கணக்கை முழுவதுமாக எடுத்துவிட்டார். ஐந்து ஆண்டு நிறையாததால் நிறுவனம் செலுத்திய பங்கும் வட்டியும் வரிக்கு உட்பட்டன. வருமான வரிக்கான பான் எண் இணைந்திருந்ததால் பிடிக்கப்பட்ட 10 சதவீதத்தோடு வரி முடிந்தது என்று நினைத்தவருக்கு, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தபோதுதான் தம் வருமான அடுக்கின்படி மேலும் கட்ட வேண்டியிருப்பது தெரிந்தது. எடுக்காமல் புதிய நிறுவனத்தின் கணக்குக்கு மாற்றியிருந்தால் பழைய பணிக்காலமும் சேர்ந்து எண்ணப்பட்டிருக்கும். அதைவிடப் பெரிய இழப்பு ஓய்வூதியத்தில்தான் என்பது என் கருத்து: மாத ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டுப் பணி வேண்டும், ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்த ஆண்டுகள் கணக்கிலிருந்தே போய்விடும்.

வங்கியின் ஐந்தாண்டு வரிச்சலுகை வைப்பில் குழப்பத்துக்கு இடமில்லை. போட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்கு அதை உடைக்கவும் முடியாது, அதன்மேல் கடன் வாங்கவும் முடியாது. வரி மிச்சப்படுத்தும் அவசரத்தில் மார்ச் மாதம் அவசரகால நிதியை இதில் போடுவது மட்டும் கூடாது.

மூத்த குடிமக்கள் திட்டத்தில் இதற்கு நேர்மாறு. ஐந்து ஆண்டு முடியும் முன் எப்போது வேண்டுமானாலும் கணக்கை மூடலாம், ஆனால் விலை கொடுக்க வேண்டும். ஓராண்டுக்குள் மூடினால் அதுவரை தந்த வட்டியை அசலிலிருந்து பிடித்துக்கொள்வார்கள். ஓராண்டுக்குப் பின், இரண்டு ஆண்டுக்குள் என்றால் அசலில் 1.5 சதவீதமும், அதன் பிறகு 1 சதவீதமும் போகும். இதில் பலருக்கும் தெரியாதது, ஒரு கணக்கிலிருந்து பகுதியாக எடுக்க வழியில்லை என்பது. ஓய்வுபெற்ற கையோடு உச்சவரம்பான 30 லட்சத்தையும் ஒரே கணக்கில் போட்ட ஒருவருக்குப் பதினான்காம் மாதத்தில் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்கு 4 லட்சம் தேவைப்பட்டால், முழுக் கணக்கையும் மூடி 45,000 ரூபாயை இழக்க வேண்டும். அதையே ஐந்தைந்து லட்சமாக ஆறு கணக்குகளில் போட்டிருந்தால் ஒன்றை மட்டும் மூடி 7,500 ரூபாயோடு தப்பியிருக்கலாம். கூடுதல் சிரமம், தொடக்கத்தில் ஆறு படிவங்களில் கையெழுத்திடுவது.